கண்ணுக்குத் தெரிகிற டிரைவ் பேக்கப்புக்கு ஏன் தெரிவதில்லை?

கேள்வி:

ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். ஆபீசில் விண்டோஸ் சர்வர் 2019 போட்ட சர்வர் ஒன்று, நான்கு கம்ப்யூட்டர்கள், கேட் அருகே எடைமேடை அறையில் ஒன்று. டொமைன் கிடையாது, வொர்க்குரூப்தான். சர்வரில் உள்ள ‘கணக்கு’ ஃபோல்டரை எல்லாக் கம்ப்யூட்டரிலும் இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறோம். சர்வரில் மட்டும் ஒய் என்று இன்னொரு டிரைவ் உண்டு. அது நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பழைய நாஸ் பெட்டிக்குப் போகிறது. இரவு பேக்கப் அதில்தான்.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் இசட் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. சில நாள் கிளிக் செய்ததும் திறந்துகொள்கிறது, சில நாள் என்ன செய்தாலும் திறப்பதில்லை. எடைமேடைக்குப் புதிதாக விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கினோம். அதில் இசட் வருகிறது, ஆனால் நாஸ் பெட்டியில் இருக்கும் எடைச்சீட்டுப் படங்கள் வருவதில்லை. எல்லாவற்றையும்விடக் கவலை பேக்கப்தான். சர்வரில் உட்கார்ந்து ஓட்டினால் ஓடுகிறது, இரவில் தானாக ஓடவேண்டியது ‘பாதை கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடுகிறது. சர்வீசுக்கு வரும் தம்பி ஒவ்வொரு தடவையும் டிரைவை எடுத்துவிட்டுத் திரும்ப மேப் செய்வார், அன்றைக்குச் சரியாகும். “யூஏசியை ஆஃப் பண்ணிட்டு எஸ்எம்பி ஒன்னை ஆன் பண்ணிரலாங்க, எல்லாம் சரியாயிரும்” என்கிறார். செய்யலாமா? மரவள்ளிக் கிழங்கு வரத்து தொடங்கிவிட்டது. லோடு வரிசையில் நிற்கும்போது இசட் போனால் சீட்டைக் கையால்தான் எழுதுகிறோம்.

– ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்:

இரண்டும் வேண்டாம். யூஏசியை அணைத்தாலும் உங்கள் இரவு பேக்கப் ஓடாது. எஸ்எம்பி ஒன்றைத் திறந்துவிட்டால் இன்று இல்லாத ஓர் ஆபத்து வந்து சேரும். காரணங்களைச் சொல்வதற்கு முன் ஒரு வேலை: இதைப் படித்த கையோடு நாஸ் பெட்டியைத் திறந்து, பேக்கப் ஃபோல்டரில் கடைசியாக வந்த ஃபைலின் தேதியைப் பாருங்கள். பழைய தேதியாக இருந்தால் வேறு எதையும் தொட வேண்டாம். எல்லோரும் கணக்கு மென்பொருளை மூடியபின் ‘கணக்கு’ ஃபோல்டரை ஒரு யூஎஸ்பி டிஸ்கில் முழுதாக நகலெடுத்து, கழற்றித் தனியே வையுங்கள். எந்த விவசாயிக்கு எத்தனை மாவுச்சத்து பாயிண்டுக்கு எவ்வளவு தரவேண்டும், யாருக்கு முன்பணம் போயிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு ஃபோல்டரில்தானே இருக்கிறது.

இப்போது காரணத்துக்கு வருவோம். அந்த ஃபோல்டரின் உண்மையான முகவரி \\சர்வர்\கணக்கு. இசட் என்பது அந்த முகவரிக்குப் போய்வர, லாகின் செய்த ஒருவருக்கு, அந்த லாகின் இருக்கும்வரை விண்டோஸ் எழுதித் தரும் கேட் பாஸ் மாதிரி. பாஸ் ஆளுக்குத்தான், கம்ப்யூட்டருக்கு இல்லை. நீங்கள் லாகின் செய்த கம்ப்யூட்டரில் உங்களுக்கு இசட் இருக்கும்போதே, அதே கம்ப்யூட்டரில் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீசுக்கு இசட் இருக்காது. அதனால்தான் ‘இசட் போயிருச்சு’ என்று யார் சொன்னாலும் யாருக்குப் போனது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

உங்கள் சர்வரிலேயே இதைப் பார்க்கலாம். வழக்கமாக லாகின் செய்யும் பெயரில் உள்ளே போங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டைச் சாதாரணமாகத் திறந்து ‘நெட் யூஸ்’ என்று கொடுங்கள். ஒய் டிரைவும் அதன் முகவரியும் வரும். அந்த ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து அதே ‘நெட் யூஸ்’ கொடுங்கள். பட்டியலில் எதுவும் இல்லை என்று சொல்லும். ஒரே ஆள், ஒரே திரை, ஒரே நேரம், ஆனால் ஒன்றில் ஒய் இருக்கிறது, மற்றதில் இல்லை. விண்டோஸ் விஸ்டாவில் யூஏசி என்ற உரிமைக் கட்டுப்பாடு வந்த நாளிலிருந்து இப்படித்தான். அட்மின் உரிமை உள்ளவர் லாகின் செய்யும்போது விண்டோஸ் அவருக்குச் சாதாரண அடையாளம் ஒன்று, முழு உரிமை அடையாளம் ஒன்று என்று இரண்டு தருகிறது. சாதாரண அடையாளத்தில் மேப் செய்த டிரைவ் முழு உரிமை அடையாளத்துக்குத் தெரியாது.

இந்தச் சோதனையில் இரண்டு ஜன்னலிலும் ஒய் தெரிந்தால், நீங்கள் லாகின் செய்வது விண்டோஸோடு வரும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற அதே கணக்காக இருக்கலாம். அந்த ஒரு கணக்குக்கு மட்டும் இந்தப் பிரிப்பு வழக்கமாகக் கிடையாது. பல அலுவலகங்களில் வருடக்கணக்காக அதிலேயே வேலை பார்த்துவிட்டு, பாதுகாப்புக்காக வேறு பெயரில் அட்மின் கணக்கு தொடங்கியதும் ‘புதுக் கணக்கில் டிரைவ் வரவில்லை’ என்று திணறுவது இதனால்தான். அதற்கு யூஏசியை அணைக்க வேண்டியதில்லை. ரெஜிஸ்ட்ரியில் ‘எனேபிள் லிங்க்டு கனெக்ஷன்ஸ்’ என்று ஒரு பதிவை 1 ஆக்கிச் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் இரண்டு அடையாளங்களும் டிரைவைப் பகிர்ந்துகொள்ளும். அதுவும் பாதுகாப்பைக் கொஞ்சம் தளர்த்துகிற வழிதான். முகவரியை நேராகக் கொடுக்க முடிகிற இடத்தில் அதுவும் வேண்டாம் என்பேன்.

உங்கள் இரவு பேக்கப்பின் சிக்கல் இதற்கும் ஒரு படி தள்ளி இருக்கிறது. டாஸ்க் ஷெட்யூலரில் ‘யூசர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு’ என்ற தேர்வைப் போட்டிருப்பார்கள். போடவும் வேண்டும், இரவில் யார் லாகின் செய்திருக்கப் போகிறார்கள்? ஆனால் அப்படி ஓடும் டாஸ்க்குக்கு விண்டோஸ் புதிதாக ஒரு லாகினைத் தானே தொடங்குகிறது. அந்த லாகினில் யாரும் ஒய் டிரைவை மேப் செய்யவில்லை. பகலில் நீங்கள் கையால் ஓட்டும்போது உங்கள் பாஸில் ஓடுகிறது, இரவில் பாஸ் இல்லாமல் கேட்டில் நிற்கிறது. யூஏசியை அணைத்தாலும் ரெஜிஸ்ட்ரியை மாற்றினாலும் இந்தப் புது லாகினுக்கு ஒய் வந்துவிடாது. தம்பி திரும்பத் திரும்ப மேப் செய்வது பலிக்காததும் இதனால்தான். அவர் செய்வது அவர் லாகினோடு முடிந்துவிடுகிறது.

ஆக, பேக்கப் ஸ்கிரிப்டில் ஒய் என்ற எழுத்து வருகிற இடத்தில் எல்லாம் நாஸ் பெட்டியின் முழு முகவரியைப் போடுங்கள். அடுத்து, டாஸ்க் எந்தப் பெயரில் ஓடுகிறது என்று பாருங்கள். ‘சிஸ்டம்’ என்று இருந்தால் வொர்க்குரூப்பில் அது நாஸ் பெட்டிக்கு முகம் தெரியாத ஆள், உள்ளே விடாது. பேக்கப்புக்கென்று சர்வரில் ஒரு யூசர் தொடங்கி, அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் நாஸ் பெட்டியிலும் கொடுத்து, டாஸ்க்கை அந்தப் பெயரில் ஓட்டுங்கள். அதே திரையில் ‘பாஸ்வேர்டைச் சேமிக்க வேண்டாம்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் அதை டிக் செய்துவிடுகிறார்கள். டிக் செய்தால் அந்த டாஸ்க் சர்வருக்குள் இருப்பதை மட்டுமே தொட முடியும், நெட்வொர்க் பக்கம் போகவே முடியாது. கட்டத்துக்குப் பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஸ்கிரிப்ட் ரோபோகாப்பியில் எழுதப்பட்டிருந்தால் இன்னொரு குழப்பம் வரும். மறுநாள் காலை டாஸ்க் ஷெட்யூலரில் கடைசி முடிவு 0 என்று இல்லாமல் 1 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஃபைல்கள் நகலாயின என்றுதான் அர்த்தம். 8-உம் அதற்கு மேலும் வந்தால்தான் தோல்வி. மாறாக, முடிவு 0 என்று வந்தாலே பேக்கப் எடுத்தாகிவிட்டது என்றும் நம்பிவிடாதீர்கள். ஸ்கிரிப்டின் கடைசி வரி மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தாலும் 0 வரும். தேதியைப் பார்ப்பதும், மாதம் ஒரு தடவையாவது பேக்கப்பிலிருந்து கணக்கை வேறு ஃபோல்டரில் திறந்து பார்ப்பதும்தான் சரியான சோதனை.

காலைச் சிவப்புக் குறிக்குப் பல காரணங்கள் உண்டு. கிளிக் செய்ததும் திறந்துகொள்கிறது என்றால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் லாகினுக்கு வரும்போது நெட்வொர்க் இன்னும் தயாராகவில்லை, விண்டோஸ் காத்திருக்காமல் குறியைப் போட்டுவிட்டது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர்களில் இருப்பது புரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசியில் ‘தொடக்கத்திலும் லாகினிலும் நெட்வொர்க்குக்காகக் காத்திரு’ என்பதை ஆன் செய்தால் இது வெகுவாகக் குறையும். பதினைந்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் சர்வரே இணைப்பை விட்டுவிடும், அப்போதும் குறி தெரியும். அது வழக்கமான நடத்தை. சர்வர் 2019-உம் அதன் ஜோடியான விண்டோஸ் 10 பதிப்பும் வந்த புதிதில் லாகினுக்குப் பிறகு மேப் டிரைவ் திரும்ப இணையாத கோளாறு ஒன்று இருந்தது. 2018 டிசம்பர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. உங்கள் சர்வர் ஒழுங்காக அப்டேட் ஆகியிருந்தால் அது காரணமாக இருக்காது.

என்ன செய்தாலும் திறக்காத நாட்களைத்தான் துருவிப் பார்க்க வேண்டும். அன்றைக்கு எக்ஸ்புளோரரில் திரும்பத் திரும்ப கிளிக் செய்வதை விட்டுவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘நெட் யூஸ்’ கொடுத்து சர்வர் முகவரியோடு இணைத்துப் பாருங்கள். தோற்றால் ஓர் எண் வரும். அந்த எண்ணை ஒரு நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். 53 என்றால் சர்வரையே எட்ட முடியவில்லை. 67 என்றால் அந்தப் பெயரில் ஷேர் கிடைக்கவில்லை. 86 அல்லது 1326 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் கேட் வரை விட்டார்கள், உள்ளே போக அனுமதி இல்லை. 1219 என்றால் அதே சர்வருக்கு ஏற்கெனவே வேறு யூசர் பெயரில் ஓர் இணைப்பு இருக்கிறது. விண்டோஸ் ஒரே சர்வருக்கு இரண்டு பெயரில் போக விடாது, பழையதை ‘நெட் யூஸ்’ஸிலேயே நீக்கிவிட்டு ஒரே பெயரில் போங்கள்.

53 வருகிற நாளெல்லாம் முந்தின இரவு கரண்ட் போய் வந்த நாளா என்று அந்த நோட்டு சொல்லிவிடும். உங்களைப் போன்ற ஆலைகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்: சர்வரின் ஐபி எண்ணைப் பிராட்பேண்ட் ரவுட்டர் தன் விருப்பப்படி கொடுத்துக்கொண்டிருக்கும். கரண்ட் வந்து எல்லாம் ஒன்றாக எழுந்திருக்கும்போது எண் மாறிவிடும், பழைய எண்ணை வைத்து மேப் செய்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் காலியான இடத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். சர்வருக்கு நிலையான ஐபி எண் கொடுங்கள், மேப் செய்வதைச் சர்வரின் பெயரில் செய்யுங்கள். ரவுட்டரை மாற்றிய நாளிலிருந்து தொல்லை என்றால், சர்வர் அந்த நெட்வொர்க்கைப் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டு ஃபயர்வாலில் ஃபோல்டர் பகிர்வை மூடியிருக்கும். அதைப் ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும். ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, மேஜைக்கு அடியில் குனிந்து பாருங்கள். சர்வருக்கு யூபிஎஸ் வாங்கியிருப்பீர்கள். எல்லா வயர்களும் வந்து சேரும் அந்தச் சின்ன நெட்வொர்க் சுவிட்ச் எதில் செருகியிருக்கிறது? பெரும்பாலும் சுவரில் உள்ள சாதா பிளக்கில்தான் இருக்கும். ஆலை மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் ஒரு நொடி விழுந்தால் போதும், அது ரீஸ்டார்ட் ஆகும், ஐந்து கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் இசட் அறும். சுவிட்சையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். எடைமேடை வயரின் நீளத்தையும் அளந்து பாருங்கள். சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைதான் கணக்கு. கேட்டிலிருந்து ஆபீஸ் வரை வளைந்து வளைந்து வரும் கேபிள் அதைத் தாண்டினால் வேலை செய்வதுபோல் தெரியும், லோடு நேரத்தில் அறுந்து அறுந்து வரும். திறந்தவெளியில் போகும் கேபிள் இடி மின்னலில் இரண்டு பக்கப் பெட்டிகளையும் எரித்துவிடவும் கூடும். எடைமேடைக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போடுவது இன்றைக்குப் பெரிய செலவில்லை. கிழங்கு பிடுங்கி இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், வண்டியைக் காக்க வைக்க முடியாத இடத்தில் இந்தச் செலவை யோசிக்கவே கூடாது.

பாஸ்வேர்டு எண்கள் வந்தால், முன்பு அதே எண் வந்த தேதியோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மாத இடைவெளி என்றால் காரணம் பிடிபட்டது. விண்டோஸில் யூசர் பாஸ்வேர்டுக்கு இயல்பான ஆயுள் 42 நாள். வொர்க்குரூப்பில் சர்வரில் உள்ள பாஸ்வேர்டு காலாவதியானால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதில்லை, இசட் மட்டும் மறுக்கப்படும். யாராவது சர்வரில் புதுப் பாஸ்வேர்டு வைத்தாலும் கம்ப்யூட்டரின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையது சேமிக்கப்பட்டிருக்கும், அது அதையே கொடுத்துக்கொண்டிருக்கும். அங்கே போய்ப் பழையதை அழித்துப் புதியதைப் போடுங்கள். பேக்கப் யூசருக்கு மட்டும் நீளமான பாஸ்வேர்டு வைத்து, காலாவதி ஆகாது என்று குறித்துவிடுங்கள்.

எண் 5 வரும்போது அனுமதி இரண்டு இடத்தில் இருப்பதை மறக்காதீர்கள். ஷேருக்கு ஒன்று, ஃபோல்டரின் செக்யூரிட்டி தாவலில் ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். அவசரத்தில் ‘எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்’ என்று இரண்டிலும் போட்டுவிட்டு அப்படியே விட்டுப்போன ஃபோல்டர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து உங்கள் ஃபோல்டரில் அதைப் பார்த்தால் எடுத்துவிடுங்கள்.

எஸ்எம்பி ஒன்று விஷயத்தில் தம்பியோடு நான் உடன்படவே முடியாது. எஸ்எம்பி என்பது கம்ப்யூட்டர்கள் ஃபோல்டர் பகிரப் பயன்படுத்தும் முறை, ஒன்று என்பது அதன் ஆகப் பழைய பதிப்பு. 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தானே தாவியது. யாரும் எந்த இணைப்பையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆந்திரக் காவல்துறைக் கம்ப்யூட்டர்கள், வயநாட்டிலும் பத்தனம்திட்டாவிலும் ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டர்கள், சென்னையை அடுத்த ரெனோ–நிசான் கார் ஆலை எல்லாம் அதில் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து புது விண்டோஸ்களில் எஸ்எம்பி ஒன்றைத் தானாக நிறுவுவதையே நிறுத்தியது. உங்கள் சர்வர் 2019-இலும் அது இயல்பாக இல்லை. இல்லாததைத் தேடிப் போய் நிறுவ வேண்டாம்.

எடைமேடைக் கம்ப்யூட்டரில் நாஸ் திறக்காததற்கு எஸ்எம்பி ஒன்று காரணமாக இல்லாமலும் இருக்கலாம். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு இரண்டு விஷயங்களில் கண்டிப்பு காட்டுகிறது. பெயர், பாஸ்வேர்டு கேட்காமல் ‘கெஸ்ட்’டாக உள்ளே விடும் பெட்டியோடு பேசாது, ஒவ்வொரு செய்தியிலும் எஸ்எம்பி கையொப்பம் போடத் தெரியாத பெட்டியோடும் பேசாது. உங்கள் பழைய கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கும். நாஸ் பெட்டியில் எடைமேடைக்கென்று ஒரு யூசர் தொடங்கி, படங்கள் உள்ள ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், பேக்கப் ஃபோல்டருக்குக் கொடுக்காதீர்கள். பெட்டியின் ஃபர்ம்வேரையும் அப்டேட் செய்யுங்கள், கையொப்ப வசதி அதிலேயே வந்துவிடலாம். பெட்டி எந்தப் பதிப்பில் பேசுகிறது என்று தெரிய, சர்வரில் ஒய் டிரைவைத் திறந்துவைத்துக்கொண்டு பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘கெட்-எஸ்எம்பிகனெக்ஷன்’ என்று கொடுங்கள். நாஸ் பெயருக்கு நேரே டயலெக்ட் பத்தியில் 2 அல்லது 3 என்று தொடங்கினால் பெட்டி பிழைத்தது. 1.5 என்று வந்தால் ஏற்கெனவே யாரோ உங்கள் சர்வரில் எஸ்எம்பி ஒன்றை நிறுவிவிட்டார்கள். அப்போது ஃபர்ம்வேரில் வழியில்லை என்றால் பெட்டியை மாற்றுங்கள், சர்வரிலிருந்து எஸ்எம்பி ஒன்றை நீக்குங்கள்.

எடைமேடை யூசருக்குப் பேக்கப் ஃபோல்டரில் அனுமதி வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் எந்த யூசரின் பெயரில் ஓடுகிறதோ, அந்த யூசர் எழுதக்கூடிய எல்லா ஃபைலையும் அது பூட்டும். இசட் என்றாலும் ஒய் என்றாலும் முழு முகவரி என்றாலும் அதற்கு ஒன்றுதான். ரோபோகாப்பியில் ‘மிரர்’ போட்டிருந்தால், அன்றிரவே பூட்டிய ஃபைல்கள் நல்ல பேக்கப்பின் மேல் போய் உட்காரும். அதனால் இரண்டு யூஎஸ்பி டிஸ்குகளை வாராவாரம் மாற்றி மாற்றி நகலெடுத்து, ஒன்றை எப்போதும் ஆலைக்கு வெளியே வையுங்கள்.

முதலில் டாஸ்க்கைச் சரிசெய்து மூன்று நாள் இரவு ஓடவிட்டுத் தேதியைப் பாருங்கள். அதன் பிறகு ஐபி எண், சுவிட்ச், பாஸ்வேர்டு. இதற்குப் பிறகும் இசட் போனால், வந்த எண், எந்தக் கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் வந்தது, அந்தச் சமயத்தில் ‘நெட் யூஸ்’ காட்டிய பட்டியல், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பாஸ்வேர்டுகளை அனுப்ப வேண்டாம்.